கையில் கிடைத்த கல் எது? – வாசகர் கேள்வி பதில்

வயலிலும் ஓடையிலும் கல்குழி மேட்டிலும் கிடைத்த படிகங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை. முன்கூட்டியே ஒரு வேண்டுகோள். 'இது என்ன கல்?' என்று ஒற்றைப் படம் மட்டும் அனுப்பினால் எங்களால் சொல்ல முடியாது. நிறத்தை வைத்துக் கல்லுக்குப் பெயர் சொல்வது ஜோசியம் சொல்வது போலத்தான். கத்தி கீறுகிறதா, எடை என்ன, எங்கே கிடைத்தது என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: காங்கேயத்துக்கும் படியூருக்கும் நடுவே, உழுத காட்டில் விரல் பருமனில் ஆறு பட்டைக் கல் ஒன்று கிடைத்தது. வெளிர் நீலப் பச்சை நிறம், இரண்டு முனையும் உடைந்திருக்கிறது. நகைக்கடையில் கண்ணாடி என்கிறார்கள். தோட்டத்துக்காரர் அக்வாமரைன் என்கிறார். யார் சொல்வது சரி? – ஒரு வாசகர், காங்கேயம்

கண்ணாடி இல்லை என்பதை முதலில் தீர்த்துவிடலாம். கண்ணாடி தானாக ஆறு பட்டையாக வளராது. வார்த்த கண்ணாடியாக இருந்தால் லென்ஸில் உருண்டைக் குமிழிகள் தெரியும், ஓரங்கள் மழுங்கலாக இருக்கும்.

தோட்டத்துக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. அக்வாமரைன் என்பது பெரில் கனிமத்தின் நீல வகை. படியூரில் 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பெரில் தோண்டியெடுத்தது பதிவாகியிருக்கிறது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில், பெரிலிலும் படிகத்திலும் மணி செய்த பட்டறைகளின் எச்சங்கள் அகழாய்வில் வெளிவந்தன. ஆனால் பெரில் ஒன்று கிடைக்கிற காட்டில் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், வண்டி வண்டியாகக் கிடக்கும். அதுவும் ஆறு பட்டைதான். பட்டைகளுக்கு இடையே கோணமும் அதே 120 பாகைதான். அதனால் பட்டையை எண்ணிப் பயனில்லை.

10 மடங்கு லென்ஸை எடுத்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பட்டையின் மேல் விடுங்கள். குவார்ட்ஸ் பட்டையில் மெல்லிய வரிகள் குறுக்கே, ஏணிப்படி மாதிரி ஓடும். பெரிலில் வரி இருந்தால் நீளவாக்கில் ஓடும். பல நேரம் பட்டை வழவழப்பாகவே இருக்கும். முனை உடையாமல் இருந்தால் இன்னும் எளிது. குவார்ட்ஸ் கூராக முடியும், பெரில் மேசை போலத் தட்டையாக முடியும். உங்கள் கல்லில் முனை போய்விட்டதால் வரிகளைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்தது கீறிப் பார்ப்பது. முதலில் கத்தி முனையால் ஓரத்தில் கீறுங்கள். கோடு விழுந்தால் அது பெரிலும் இல்லை, குவார்ட்ஸும் இல்லை, அபடைட்டாக இருக்கலாம். அதுவும் ஆறு பட்டையாக, இதே நீலப் பச்சையில் வந்து ஆட்களை ஏமாற்றும். 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் அதன் கடினம் 5தான். கத்தி விழவில்லை என்றால், வழவழப்பான முகம் உள்ள ஒரு வெங்கச்சங்கல் துண்டின் மேல் உங்கள் கல்லின் உடைந்த கூர்முனையை அழுத்தி ஒரே இழுப்பாக 1 செ.மீ. இழுங்கள். பெரிலின் கடினம் 7.5 முதல் 8 வரை, குவார்ட்ஸ் 7. பெரில் என்றால் பள்ளமான கோடு விழும். குவார்ட்ஸ் மேல் குவார்ட்ஸை இழுத்தால் வழுக்கும், அல்லது இரண்டும் லேசாகத் தேயும்.

எடை போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். இந்த ஜோடிக்கு அது உதவாது. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி, அதாவது அதே கன அளவுத் தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற எண், 2.65. பெரிலுக்கு 2.7ஐ ஒட்டி வரும். வீட்டுத் தராசு அந்த இடைவெளியை நம்பும்படி காட்டாது.

கேள்வி: கல்லில் கத்தியால் கீறினேன், கோடு தெளிவாக விழுந்தது. பார்த்தவர் இது குவார்ட்ஸ், கத்தி விழாது என்கிறார். கண் முன்னால் கோடு இருக்கிறதே? – ஒரு வாசகி, திண்டுக்கல்

அந்தக் கோட்டை ஈர விரலால் அழுத்தித் துடையுங்கள். பளபளவென்று சாம்பல் நிறத்தில் இருந்து, தேய்த்தால் மங்கினால், அது கல்லின் கோடு இல்லை. கத்தியின் எஃகு கல்லில் ஒட்டிய தடம். கல்தான் கத்தியைத் தின்றிருக்கிறது. உண்மையான கீறல் என்றால் துடைத்த பிறகும் பள்ளம் இருக்கும். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டும்.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கும். வெயிலிலும் மழையிலும் பல காலம் கிடந்த பெல்ஸ்பாரின் மேல்தோல் களிமண்ணாகிப் போயிருக்கும். அதைக் கீறிவிட்டு 'மென்மையான கல்' என்று எழுதிவிடுகிறார்கள். புதிதாக உடைந்த முகத்தில்தான் கீற வேண்டும். மணல்மணலாக உதிரும் கல்லில் கீறினால் மணிகள் பிரிந்து வருமே தவிர, கடினம் தெரியாது.

வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியவை: நகம் 2.5, செம்புக் கம்பி 3, கத்தி 5.5, கண்ணாடித் துண்டு 5.5, கடைசல் பட்டறை அரம் 6.5, வெங்கச்சங்கல் 7. பழைய புத்தகங்களில் 'செம்புக் காசு' என்று போட்டிருக்கும். இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகு. அவற்றை வைத்துச் சோதித்தால் எல்லாக் கல்லும் மென்மையாகத் தெரியும். மின்சாரக் கடையில் மொத்தமான செம்புக் கம்பி ஓர் அடி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒப்படர்த்தியை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். கல்லைத் தண்ணீரில் போட்டு, ஏறிய மட்டத்தை அளந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது. – ஒரு மாணவர், திருச்சி

மட்டத்தை அளக்கும் முறையை விட்டுவிடுங்கள். அளவுக் குவளையின் கோடுகள் சிறிய கல்லுக்குப் போதாது. தராசிலேயே கன அளவையும் எடுக்கலாம்.

0.01 கிராம் காட்டும், 200 கிராம் வரை தாங்கும் சட்டைப்பை தராசு வேண்டும். முதலில் காய்ந்த கல்லை எடை போடுங்கள். பிறகு ஒரு சிறிய டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய தையல் நூலில் கட்டி, முழுவதும் முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக்கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல் விலக்கிய தண்ணீரின் எடை. காய்ந்த எடையை இதால் வகுத்தால் ஒப்படர்த்தி. காய்ந்த எடை 18.42, தொங்கும்போது 6.95 என்றால் விடை 2.65, குவார்ட்ஸுக்கு உரிய எண்.

எங்கே கெடும்? கல்லில் ஒட்டிய காற்றுக்குமிழி கன அளவைக் கூட்டிக் காட்டும், விடை குறையும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, கல்லை முதலில் வேறு கிண்ணத்தில் நனைத்து, தூரிகையால் தடவிவிட்டுத் தொங்கவிடுங்கள். கல் அடியைத் தொட்டால் அதன் எடையும் சேர்ந்துகொள்ளும். விடை 1ஐ நோக்கிச் சரியும். நூலைக் கையில் பிடித்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் புத்தக அடுக்கு வைத்து, அதன்மேல் பென்சிலைக் குறுக்காகப் போட்டு, நூலை அதில் கட்டுங்கள். பெரிய சிக்கல் கல்லின் அளவுதான். 0.6 கிராம் கார்னெட் 0.15 கிராம் தண்ணீரை விலக்கும். தராசு ஒரு புள்ளி முன்பின் காட்டினாலே விடை 3.75க்கும் 4.29க்கும் நடுவே அலையும். 5 கிராமுக்குக் குறைந்த கல்லில் இரண்டாம் தசமத்தை நம்பாதீர்கள். தாய்ப்பாறை ஒட்டிய படிகத்தை எடை போடுவது வீண் வேலை.

குறித்து வைத்துக்கொள்ள: ஜிப்சம் 2.3, சந்திரகாந்தக்கல் 2.57, கால்சைட் 2.71, டூர்மலின் 3.1 சுற்றுவட்டம், புளோரைட் 3.18, புஷ்பராகம் (டோபாஸ்) 3.5, ஸ்பைனல் 3.6, குருந்தம் 4.0, பேரைட் 4.5.

கேள்வி: நாமக்கல் பக்கம் எடுத்த சிவப்புக் கற்கள். மாணிக்கமா, கார்னெட்டா? – ஒரு வாசகர், பரமத்தி வேலூர்

இரண்டுக்கும் இடம் உள்ள பகுதி. மாணிக்கம் என்பது குருந்தம் என்ற கனிமத்தின் சிவப்பு வகை. சித்தம்பூண்டியின் அனார்த்தசைட் பாறையில் இளஞ்சிவப்புக் குருந்தம் இருக்கிறது. (நிலாவின் மண்ணைப் போல ஒரு மண் தேவைப்பட்டபோது இஸ்ரோ தேடிப் போனதும் இதே பாறையைத்தான்.) சுற்றிலும் உள்ள நைஸ் பாறைகளில் கார்னெட் ஏராளம்.

முழு வடிவம் இருந்தால் கண்ணே போதும். கார்னெட் பந்து மாதிரி, சாய்சதுர முகங்கள் பன்னிரண்டோடு வரும். குருந்தம் ஆறு பக்கப் பீப்பாய் அல்லது தட்டு. தட்டு முகத்தில் முக்கோண வரிகள் தெரியலாம், படிப்படியாகப் பிளந்தும் இருக்கும். உடைந்த துண்டு என்றால் மூன்று சோதனைகள்.

காந்தம்: சிறிய தெர்மாகோல் துண்டில் கல்லை வைத்து, அகலமான கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். நியோடிமியம் காந்தத்தைக் கல்லுக்கு 2, 3 மி.மீ. அருகில் கொண்டுபோங்கள். இரும்புச்சத்து உள்ள கார்னெட் மெதுவாகக் காந்தத்தை நோக்கி நகரும். மாணிக்கம் அசையாது. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்; காற்று தள்ளியதைக் காந்தம் இழுத்தது என்று எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. கல்லில் கறுப்புப் புள்ளியாக மேக்னடைட் ஒட்டியிருந்தாலும் இழுக்கும், லென்ஸில் பார்த்துவிடுங்கள்.

ஒளி: மடிக்கணினியின் எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போலராய்டு கறுப்புக் கண்ணாடியை முன்னால் பிடித்துத் திரை இருட்டாகும் வரை திருப்புங்கள். நடுவே கல்லைப் பிடித்துச் சுழற்றுங்கள். ஒளி ஊடுருவும் மாணிக்கம் ஒரு முழுச் சுற்றுக்கு நான்கு தடவை வெளிச்சமாகி நான்கு தடவை இருளும். கார்னெட் இருட்டாகவே இருக்கும், அல்லது தெளிவில்லாத திட்டுகள் தெரியும். மாணிக்கத்திலும் ஒரு திசையில் பார்த்தால் இருட்டாகவே இருக்கும் என்பதால் மூன்று திசைகளில் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். கரடுமுரடான கல்லுக்கு, கண்ணாடிக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றி அதில் முக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், அதுவே வானவில் காட்டும்.

கீறல்: குருந்தத்தின் கடினம் 9. வெங்கச்சங்கல்லில் வெண்ணெய் போல இறங்கும். கார்னெட்டும் சில நேரம் கீறும், ஆனால் சிரமப்பட்டு.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் வைத்திருப்பவர்கள், சிவப்பாக ஒளிர்ந்தால் மாணிக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒளிரவில்லை என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. இரும்பு அதிகம் கலந்த மாணிக்கம் ஒளிராமல் போகும்.

கேள்வி: சேலத்தில் எடுத்த வெள்ளைக்கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டேன். நுரைக்கவில்லை. அப்படியானால் மேக்னசைட் இல்லையா? – ஒரு ஆசிரியர், ஓமலூர்

மேக்னசைட் என்பதால்தான் நுரைக்கவில்லை என்று சொல்ல வாய்ப்பு அதிகம். மேக்னசைட் ஒரு கார்பனேட் கனிமம்; கார்பனேட் எல்லாமே அமிலத்தில் பொங்கும் என்று நினைக்கிறோம். குளிர்ந்த மென்மையான அமிலத்தில் உடனே பொங்குவது கால்சைட். மேக்னசைட்டும் டோலமைட்டும் தூளாக்கினால்தான், அல்லது அமிலம் சூடாக இருந்தால்தான் நுரைக்கும்.

எலுமிச்சைக்கு அந்த வலு இல்லை. பாத்ரூம் ஆசிட் ஒரு பங்கை மூன்று பங்கு தண்ணீரில் கலந்து, சொட்டுக் குழாயில் எடுங்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே இருக்கக்கூடாது. கல்லின் முழு முகத்தில் ஒரு சொட்டு, கத்தியால் சுரண்டிய தூளின் மேல் ஒரு சொட்டு. முகத்தில் சும்மா இருந்து, தூளில் லென்ஸுக்குத் தெரியும் அளவு சின்னச் சின்னக் குமிழி வரிசையாக எழுந்தால் மேக்னசைட் அல்லது டோலமைட். சேலத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில், காலிபிளவர் மாதிரிக் கட்டிகட்டியாக, உடைத்தால் பீங்கான் போல இருந்தால் மேக்னசைட்தான். படிக முகங்களைத் தேடாதீர்கள், மணிகள் அவ்வளவு நுண்மையானவை.

மேலே படிந்த சுக்கான் சுண்ணாம்பு பொங்குவதைப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பதைக் கால்சைட் என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. புது முறிவில் சோதியுங்கள்.

கேள்வி: பெரம்பலூர் காரைப் பகுதிக் களிமண்ணில் கண்ணாடித் தகடு போலக் கிடைத்தது. அப்பிரகமா (மைக்காவா)? – ஒரு வாசகி, அரியலூர்

நகத்தால் கீறுங்கள். பள்ளம் விழுந்தால் ஜிப்சத்தின் தெளிந்த வகையான செலனைட். மெல்லிய இதழைப் பிரித்து வளையுங்கள். வளைந்தபடியே நின்றால் செலனைட், துள்ளி நிமிர்ந்தால் அப்பிரகம். ஒரு துணுக்கைக் குறடால் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால் செலனைட் நீரை இழந்து சுண்ணாம்பு வெள்ளையாகும். கடலடியில் படிந்த அந்தக் களிமண்ணில் எதிர்பார்க்க வேண்டியது இதுதான். கையில் எடுத்ததும் 'இவ்வளவு கனமா!' என்று தோன்றும் வெளிர் படிகம் கிடைத்தால் மட்டும் தனியே எடுத்துவையுங்கள். அது செலஸ்டைட்டாக இருக்கலாம்; ஒப்படர்த்தி 4ஐ நெருங்கும். நகம் விழாது, கத்தி விழும்.

செலனைட்டைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், பளபளப்பு போய்விடும். உலர்ந்த தூரிகை போதும்.

கேள்வி: ஓடை மணலில் தங்கம் மின்னுகிறது. – ஒரு வாசகர், தருமபுரி

ஊசியால் குத்துங்கள். இதழாகப் பிரிந்தால் காக்காப்பொன், அதாவது அப்பிரகம். தூளாக நொறுங்கினால் பைரைட். டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கத்தில் தேய்த்தால் கரும்பச்சைக் கோடு போடும். நசுங்கினால், மஞ்சள் கோடே போட்டால், மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: குவார்ட்ஸ் கொத்தில் செம்மண் கறை. ஆக்சாலிக் அமிலத்தில் போட்டேன், வெள்ளைப் படலம் வந்துவிட்டது. – ஒரு வாசகர், கரூர்

போர்த் தண்ணீரில் கரைத்திருப்பீர்கள். அதிலுள்ள கால்சியம் அமிலத்தோடு சேர்ந்து கரையாத கால்சியம் ஆக்சலேட்டாகப் படிந்துவிட்டது. ஆர்ஓ தண்ணீர் அல்லது பேட்டரித் தண்ணீர் ஒரு லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் போதும். பிளாஸ்டிக் வாளி, மூடி, 2 முதல் 7 நாள். கரைசல் மஞ்சள் பச்சையாக மாறினால் இரும்பு இறங்குகிறது என்று பொருள். பிறகு அதே நாள் கணக்குக்கு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். கழிவைச் சோடா உப்பு போட்டு, நுரை அடங்கிய பிறகு கொட்டுங்கள். இது நஞ்சு, சமையலறைப் பாத்திரம் எதையும் தொடக்கூடாது. சூடாக்காதீர்கள், ஆவி மூச்சைப் பிடிக்கும்.

கொத்தில் கால்சைட் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அது அரித்துப் போகும். ஜல்காவ், நாசிக் பக்கமிருந்து வாங்கிவந்த ஜியோலைட், அபோபிலைட் கொத்துகளை இந்த அமிலத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவற்றுக்கு மென்மையான தூரிகையும் சாதாரணத் தண்ணீரும்தான்.

கேள்வி: இரத்தினபுரியில் 'இல்லம்' என்று சொல்லும் இரத்தினக்கல் சரளைப் படிவில் கிடைத்த கூழாங்கற்கள். எல்லாம் உருண்டு தேய்ந்துவிட்டன, முகமே இல்லை. எதை வைத்துப் பிரிப்பது? – ஒரு வாசகர், இரத்தினபுரி

இங்கேதான் ஒப்படர்த்தி தன் வேலையைக் காட்டும். சிர்க்கான் 4.7 வரை போகும், குருந்தம் 4.0, ஸ்பைனலும் கோமேதகமும் 3.6ஐ ஒட்டி நிற்கும். இந்தக் கடைசி ஜோடியை எடையால் பிரிக்க முடியாது. போலராய்டு சோதனையும் உதவாது, இரண்டுமே இருட்டாக இருக்கும். லென்ஸில் உள்ளே பாருங்கள்: கோமேதகத்தில் சர்க்கரைப் பாகு கலங்கியது போன்ற சுழல்கள் தெரியும். சிர்க்கானில், தெளிவான கல்லாக இருந்தால், எதிர்ப்பக்க விளிம்போ உள்ளிருக்கும் கீறலோ இரண்டிரண்டாகத் தெரியும்.

கேள்வி: பொறுக்குவதற்கு அனுமதி வேண்டுமா? உறுதியாகத் தெரிந்துகொள்ள யாரிடம் கொடுப்பது? – பலர்

பட்டா நிலத்தில் உரிமையாளரைக் கேட்டு மேலே கிடப்பதை எடுப்பது வேறு. கடப்பாறை போட்டால் அது கனிம விதிகளுக்குள் வந்துவிடும். காப்புக்காட்டில் எதையும் எடுக்கக்கூடாது. திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்கள் தேசியப் புவியியல் சின்னங்கள். ஒரு சில்லுகூட எடுக்கக்கூடாது. தென்கடற்கரைக் கருமணலை மூட்டையாக வீட்டில் சேர்க்காதீர்கள், அதில் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருக்கும். இலங்கையில் அகழ்வதற்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் உரிமம் வேண்டும்.

உறுதிப்படுத்த, சென்னைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் புவியியல் துறைகளை முதலில் கடிதம் எழுதிக் கேளுங்கள். ராமன் நிறமாலைச் சோதனை கல்லுக்குச் சேதமில்லாமல் சில நிமிடங்களில் முடியும். எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனைக்குக் கொஞ்சம் தூள் தேவை, அதனால் நல்ல படிகத்தைக் கொடுக்காமல் உடைந்த சில்லைக் கொடுங்கள். கூடவே ஒரு சீட்டில் ஊர், சர்வே எண் அல்லது ஜிபிஎஸ் இடம், பாறையில் இருந்ததா மண்ணில் கிடந்ததா என்பதை எழுதி, கல்லோடு சேர்த்து ஒரே பையில் போடுங்கள். சீட்டைத் தனியாக அனுப்பினால் வழியில் பிரிந்துவிடும்.